மடகாஸ்கருக்கு பைக் மட்டும் போகட்டும்

விடுமுறையில் ஊர்சுற்றப் போவதைப் போலவே விடுமுறையில் ஊழியம் செய்யப் போவதும் இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. அமெரிக்கச் சபைகளிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் குறுகிய கால ஊழியப் பயணமாக வெளிநாடு போய்வருகிறார்கள் என்று சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே கணித்தார். மற்ற நாடுகளிலிருந்து கிளம்புகிறவர்கள் தனி. இவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். விமான டிக்கெட்டைச் சொந்தக் காசிலோ, சபையார் கொடுத்த நன்கொடையிலோ வாங்குகிறவர்கள். கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்களுக்குப் பிடித்த வடிவம் மோட்டார் பைக் ஊழியம். வெப்பமண்டலத் தீவு ஒன்றில் இறங்குவது, வாடகைக்கு பைக் எடுப்பது, பின் சீட்டில் துண்டுப் பிரசுரங்களையும் வேதாகமங்களையும் கட்டிக்கொண்டு கார் போகாத கிராமங்களை இரண்டு மூன்று வாரம் சுற்றிவருவது. இந்தத் தன்னார்வலர்களின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. மதமாற்றம் சரியா தவறா என்ற நம்மூர் வழக்கையும் இங்கே இழுக்கப்போவதில்லை. ஊழியம் நல்லது என்று அவர்கள் நம்புவதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அந்த நல்லதை அடைய இந்தப் பயணம் ஏற்ற வழிதானா என்று மட்டும் பார்ப்போம். இல்லை என்பதே என் வாதம். அதற்குச் சாட்சி சொல்ல மடகாஸ்கரைவிடப் பொருத்தமான தீவு கிடைக்காது.

பரப்பில் தமிழ்நாட்டைப் போல நான்கரை மடங்கு, மக்கள்தொகை சுமார் 3 கோடி, சாலைகளோ மிகக் குறைவு. கிழக்குக் கடற்கரையில் துவாமாசினா துறைமுகத்திலிருந்து வடக்கே மாருவான்செட்ரா வரை போகும் ஐந்தாம் எண் தேசிய நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதித் தூரத்துக்கும் குறைவாகத்தான் அது சாலை. அதற்கு மேல் கடல் மணல், செம்மண் சேறு, மரக்கட்டைகளை அடுக்கிய பாலங்கள், பாலமே இல்லாத ஆறுகள். ஆற்றைக் கடக்க மிதவைக்குக் காத்திருக்க வேண்டும். மிதவை ஓடவில்லையென்றால் பைக்கைத் தோணியில் ஏற்றி இருவர் பிடித்துக்கொள்ள அக்கரை சேர வேண்டும். ஜீப்பே நாள்கணக்கில் திணறும் அந்தத் தடத்தில் சிறிய பைக் எப்படியோ நுழைந்து போய்விடும். பெட்டிக்கடையில் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கும் பெட்ரோல் கிடைக்கும். பஞ்சர் ஒட்ட ஆள் கிடைப்பார். ஆகவே பைக் என்பது வெளிநாட்டு இளைஞர்களின் சாகச ஆசை மட்டுமல்ல. அந்தத் தீவின் உட்கிராமங்களுக்கு ஆசிரியரோ, செவிலியரோ, போதகரோ யார் போனாலும் அதுதான் வாகனம். வண்டியில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அதில் யார் உட்கார்ந்து போக வேண்டும் என்பதுதான் கேள்வி.

மடகாஸ்கரில் கிறித்தவம் எப்படி வேர்பிடித்தது என்ற வரலாறு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பிய டேவிட் ஜோன்ஸ், தாமஸ் பெவன் என்ற இரண்டு வேல்ஸ் இளைஞர்கள் 1818-இல் துவாமாசினா கரையில் இறங்கினார்கள். அடுத்த சில மாதங்களிலேயே கிழக்குக் கரையின் காய்ச்சல் பெவனையும் அவர் மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோனது. ஜோன்ஸின் மனைவியும் குழந்தையும் மாண்டார்கள். தனியாளாக மொரீஷியஸுக்குத் திரும்பிய ஜோன்ஸ், உடம்பு தேறியதும் 1820-இல் மறுபடி வந்தார். இந்த முறை மலைமேல் இருக்கும் தலைநகர் அந்தனனாரிவோவுக்குப் போனார். மன்னர் முதலாம் ரடாமாவுக்குப் பிரசங்கத்தைவிடப் பள்ளிக்கூடமும் கைத்தொழிலும்தான் வேண்டியிருந்தன. மிஷனரிகளும் அதற்கு உடன்பட்டார்கள். ஜேம்ஸ் கேமரன் என்ற ஸ்காட்லாந்து தச்சர் செங்கல் அறுக்கவும் சோப்புக் காய்ச்சவும் கற்றுக்கொடுத்தார். அச்சு இயந்திரத்தோடு வந்த அச்சுக்காரர் வந்ததும் இறந்துபோக, அதையும் கேமரனே பூட்டி ஓடவைத்தார். மலகாசி மொழிக்கு லத்தீன் எழுத்து முறை வந்தது, பள்ளிகள் பெருகின. முழு வேதாகமமும் மலகாசி மொழியில் 1835-இல் அச்சாகி முடிந்தது. பதினைந்து ஆண்டு உழைப்பு அது. அந்தப் பதினைந்து ஆண்டில் பெரும் பகுதியை மொழி கற்பதும் கற்பிப்பதும் தின்றுவிட்டன. ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டிவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியைக் கிளப்பியவர்கள் அல்ல இவர்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அதே 1835-இல் அரசி முதலாம் ரணவலோனா குடிமக்கள் கிறித்தவ மதத்தைப் பின்பற்றக் கூடாது என்று தடை போட்டார். அடுத்த ஆண்டுக்குள் கடைசி மிஷனரியும் கப்பல் ஏறினார். 1837-இல் ரசலாமா என்ற பெண் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். 1849-இல் பலர் தலைநகரின் செங்குத்தான பாறையிலிருந்து தள்ளப்பட்டார்கள், சிலர் எரிக்கப்பட்டார்கள். வேதாகமப் பிரதிகளை மண்ணில் புதைத்தும் குகைகளில் ஒளித்தும் வைத்து, இரவில் கூடிப் படித்தார்கள். கால் நூற்றாண்டு காலம் அந்தச் சபைகளை நடத்த ஒரு வெளிநாட்டுப் போதகரும் இல்லை, வெளியிலிருந்து சம்பளமும் இல்லை. 1861-இல் அரசி இறந்து, மிஷனரிகள் திரும்பி வந்து பார்த்தபோது, அவர்கள் சில நூறு பேராக விட்டுப்போன கூட்டம் சில ஆயிரமாகப் பெருகியிருந்தது. மிஷனரிகள் இருந்த காலத்தைவிட இல்லாத காலத்தில் சபை அதிகம் வளர்ந்தது என்பதை மிஷன் வரலாற்றாசிரியர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கத்தோலிக்கர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. 1883-இல் பிரான்சோடு போர் மூண்டு பிரெஞ்சுக் குருமார் வெளியேற்றப்பட்டபோது, பிரதமரின் மருமகளான விக்துவார் ரசுவாமனரிவோ முன்னின்று மூன்றாண்டுக் காலம் பூட்டிய கோயில்களைத் திறக்கவைத்து, ஜெபக் கூட்டங்களையும் பள்ளிகளையும் நடத்தினார். அவருக்கு 1989-இல் இரண்டாம் ஜான் பால் அருளாளர் பட்டம் கொடுத்தார்.

அது விதிவிலக்கான நெருக்கடிக் காலம், அதை வைத்துப் பொதுவாக முடிவு கட்டலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மிஷனரிகள் வெளியேற்றப்படாத காலத்துக்கும் ஒரு சான்று இருக்கிறது. பெட்சிலேயோ பகுதியில் ரைனிசுவாலாம்போ என்பவர் குறிசொல்லியாகவும் நாட்டு வைத்தியராகவும் இருந்தவர். 1894-இல் நோயிலிருந்து தேறி, தாயத்துகளையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டு, சுவாதனானா என்ற சிற்றூரில் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்தார். அவர் சீடர்களுக்கு விதித்த கட்டளைகளைப் பார்த்தால் பிரசங்கியார் போட்ட விதியா, ஊர்ப் பெரியவர் போட்ட விதியா என்று சந்தேகம் வரும்: எழுதப் படிக்கக் கற்க வேண்டும், வீட்டையும் முற்றத்தையும் சுத்தமாக வைக்க வேண்டும், தோட்டம் போட்டுப் பயிரிட வேண்டும். இந்தச் சீடர்கள் இருவர் இருவராகப் பிரிந்து, கால்நடையாகவே தீவு முழுவதும் போனார்கள். ஃபிஃபோஹாசானா என்று அழைக்கப்படும் அந்த எழுப்புதல் இயக்கம் நூறு ஆண்டு தாண்டியும் உயிரோடு இருக்கிறது. மனநோயாளிகளையும் கைவிடப்பட்டவர்களையும் சேர்த்துப் பராமரிக்கும் அதன் குடியிருப்புகள் நாட்டின் பல பகுதிகளில் உள்ளன. தென்கிழக்குக் கடற்கரையில் நெனிலாவா என்று எல்லோரும் அழைத்த பெண்மணி 1940-களில் தொடங்கியதும் இதன் ஒரு கிளைதான். இன்றைய பெரிய புராட்டஸ்டன்ட் சபைகள் இந்த இயக்கத்தைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. மடகாஸ்கரில் சுவிசேஷம் கேள்விப்படாத ஊர்களைத் தேடிப் போகிறோம் என்கிறவர்கள், நூறாண்டுக்கு முன்பே இவர்கள் நடந்துபோன தடத்தில்தான் பெரும்பாலும் வண்டி ஓட்டுகிறார்கள்.

சரி, உள்ளூர்க்காரர் சொன்னால் கேட்கும் ஊர் வெளியூர்க்காரர் சொன்னால் ஏன் கேட்பதில்லை? மொழி தெரியாதது மட்டும் காரணமில்லை. மடகாஸ்கரில் பொது இடத்தில் பேசுவதற்கே ஓர் இலக்கணம் உண்டு. கபாரி என்ற அந்தப் பேச்சுக்கலையை 2021-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. திருமணம், இறப்பு, முன்னோர் எலும்புகளை எடுத்துப் புதுத் துணி சுற்றும் சடங்கு என எதற்கும் கபாரி இல்லாமல் காரியம் நடக்காது. பேசுகிறவர் எழுந்ததும் விஷயத்துக்கு வந்துவிடக் கூடாது. என்னைவிட மூத்தோர் இருக்க நான் வாய் திறப்பதற்கு மன்னிக்க வேண்டும் என்று தொடங்கி, தன் தகுதிக் குறைவைச் சொல்லி, ஒவ்வொரு தரப்பிடமும் பொறுத்தருளக் கேட்டு, பழிநீக்கம் முடிந்த பிறகுதான் பேச்சு நகரும். அதற்கப்புறமும் நேரே போகாது. பழமொழிகளை மாலையாகக் கோத்துச் சுற்றி வந்துதான் கருத்தைத் தொடும். ஒருவருடைய தவற்றை முகத்துக்கு நேரே சொல்வது அநாகரிகம். இப்படிப்பட்ட சபையில், ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு ஓர் இருபத்திரண்டு வயதுக்காரர் எழுந்து, பெரியவர்களைப் பார்த்து, நீங்கள் பாவிகள், மனந்திரும்புங்கள் என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னால் என்ன ஆகும்? யாரும் கல்லெறிய மாட்டார்கள். புன்னகையோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள், பிரசுரத்தை வாங்கிக்கொள்வார்கள், ஒருவேளை ஜெபத்துக்குத் தலையும் குனிவார்கள். வந்தவர் தன் அறிக்கையில் எத்தனை பேர் செவிகொடுத்தார்கள் என்று எண்ணிக்கை எழுதிக்கொள்வார். விருந்தாளியிடம் காட்டிய மரியாதையைத்தான் அவர் விசுவாசக் கணக்கில் வரவு வைத்திருக்கிறார் என்பதை ஊரார் யாரும் அவரிடம் சொல்லப்போவதில்லை.

மரியாதையோடு முடியாத தருணங்களும் உண்டு. ஃபாடி எனப்படும் விலக்குகள் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஓரிடத்தில் கல்லறையை நோக்கி விரல் நீட்டக் கூடாது, இன்னோரிடத்தில் குறிப்பிட்ட கிழமையில் வயலில் கால் வைக்கக் கூடாது. ஒரு நாளில் மூன்று ஊர் தாண்டுகிறவருக்கு இதைக் கற்க நேரம் ஏது? வெளிநாட்டார் இதயத்தைத் திருடிப் போவார்கள் என்ற அச்சமும் காலனியக் காலத்திலிருந்தே அங்கே வதந்தியாகத் தலையெடுத்து வருகிறது. 2013 அக்டோபரில் நோசி பே தீவில், காணாமற்போன சிறுவனின் உடல் கிடைத்ததும் உடலுறுப்புத் திருட்டு என்று வதந்தி கிளம்பி, இரண்டு ஐரோப்பியரையும் ஒரு மலகாசிக்காரரையும் கும்பல் அடித்து எரித்தது. கொல்லப்பட்டவர்களுக்கும் ஊழியத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஊரில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதையும் பாட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுநாள் மறைந்துபோகும் அந்நியர்கள், தாங்கள் போன பிறகு அந்த ஊர் உபதேசியார் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை விட்டுச் செல்கிறார்கள் என்பதையாவது நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது பணத்துக்கு வருவோம். மக்களில் முக்கால்வாசிப் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் நாடு அது. வந்த விருந்தாளிகளுக்குக் கோழி அடித்துச் சோறு போட்டு, கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுப்பவர்கள் அந்த ஏழைகள்தான். கூடவே போய் மொழிபெயர்க்கிற உள்ளூர் போதகருக்குத் தன் வயல் வேலை கெடுகிறது. வனிலாப் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் பருவத்தில் ஒரு வாரம் போனால் போனதுதான், பூ மறுநாள் வரை காத்திருக்காது. இன்னொரு பக்கம், அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ நான்கு பேர் வந்துபோகும் விமானச் செலவில் அங்கேயே இரண்டு சிறிய பைக் வாங்கி, அவற்றுக்கு ஓராண்டுக்கு ஓரளவு பெட்ரோலும் போடலாம். மூன்று நான்கு சபைகளைக் கால்நடையாகவே பார்த்துவரும் உபதேசியார் ஒருவர் கையில் அந்த வண்டி இருந்தால் அது மூன்று வாரத்தோடு நிற்காது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு ஓடும், திங்கட்கிழமை பிரசவ வலி எடுத்த பெண்ணை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் சுமந்துபோகும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி 1,200-க்கும் அதிகமானோரைக் கொன்ற 2018–19 தட்டம்மைப் பரவலின்போது தடுப்பூசியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து உட்கிராமங்களுக்குக் கொண்டுபோக இப்படிப்பட்ட வண்டிகள்தான் தேவைப்பட்டன. பைக்குக்காக ஐரோப்பாவை நாட வேண்டியதும் இல்லை. ஆப்பிரிக்கச் சந்தையில் ஓடும் மலிவான வண்டிகளில் ஓசூரிலும் புனேயிலும் தயாராகிறவை ஏராளம்.

நாங்கள் செலவழிப்பது எங்கள் பணம், அதைக் கேட்க நீங்கள் யார் என்பது இதற்கு உடனே வரும் பதில். சட்டப்படி யாரும் கேட்க முடியாது. பேசவும் நம்பவும் பயணிக்கவும் உள்ள உரிமையைப் பறிக்கச் சொல்லும் கட்டுரையல்ல இது. ஆனால் அந்த நன்கொடை தீவின் ஆன்ம நலனுக்காக என்று சொல்லித்தான் சபையில் திரட்டப்படுகிறது. சுற்றுலாவுக்கு என்றால் தட்டில் அவ்வளவு விழாது. சொன்ன நோக்கத்துக்குக் காசு போய்ச் சேர்கிறதா என்று கேட்பது காணிக்கை போட்ட எவருக்கும் உள்ள உரிமை. உள்ளூர்ப் போதகர்களே எங்களை அழைக்கிறார்கள் என்ற பதிலில் கூடுதல் வலு இருக்கிறது. உண்மையாகவே அழைத்தால் போகலாம், அவர் சொன்ன வேலையைச் செய்யலாம். ஆனால் கொடுப்பவர் ஒரு பக்கமும் வாங்குபவர் மறு பக்கமும் இருக்கும் உறவில் அழைப்பு எப்போதும் முழுச் சுதந்திரமான அழைப்பாக இருப்பதில்லை. குழு வந்தால் கூடவே கூரைத் தகடும் ஒலிபெருக்கியும் வரும் என்பது அந்தப் போதகருக்குத் தெரியும்.

காலனியக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வந்து தங்கியவர்களைப் புகழ்கிறீர்களே, அப்படித் தங்கியவர்களின் பின்னால்தானே பேரரசு வந்தது, வந்த வேகத்தில் போய்விடுகிறவர்கள் அதைவிடக் குறைவாகத்தானே கெடுதல் செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்கலாம். 1895-இல் பிரான்ஸ் தலைநகரைப் பிடித்ததும் வெடித்த மெனலாம்பா கிளர்ச்சியில் சிலுவையும் குண்டும் ஒன்றாகவே பார்க்கப்பட்டன. கோயில்கள் எரிந்தன, அரிவோனிமாமோவில் குவேக்கர் மிஷனரி வில்லியம் ஜான்சனும் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள். வருடக்கணக்கில் தங்கியதே ஒருவரை நல்லவராக்கிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே என் அளவுகோலைத் திருத்திச் சொல்கிறேன்: எவ்வளவு காலம் இருந்தார் என்பதைவிட, அவர் இருக்கும்போது யார் தீர்மானித்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அர்ஜென்டினாவிலிருந்து வந்த பாதிரியார் பெத்ரோ ஒபேக்காவைப் பாருங்கள். கொத்தனார் மகன், தானும் கொத்து வேலை தெரிந்தவர். தென்கிழக்கில் வங்காயின்ட்ரானோவில் பதினைந்து ஆண்டுபோல மக்களோடு மக்களாக வயலில் இறங்கி, மலகாசி பேசப் பழகிய பிறகுதான் 1989-இல் தலைநகரின் குப்பைமேட்டு மக்களோடு சேர்ந்து அகமாசோவா என்ற வீடமைப்பு இயக்கத்தைத் தொடங்கினார். வீடுகளைக் கட்டியவர்கள் அவற்றில் குடியிருக்கப்போகும் மக்களே. மூன்று வாரக் குழு இதற்கு நேர் எதிர். பயணத் தேதி, வழித்தடம், செய்தி, அறிக்கை எல்லாமே விமானம் ஏறுமுன் வேறொரு கண்டத்தில் முடிவாகிவிடுகின்றன. பேரரசின் பலம் அதற்கு இல்லை, உண்மைதான். பேரரசின் பழக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது.

கடைசியாக எஞ்சுவது, போகிற இளைஞர்கள் மாறித் திரும்புகிறார்கள், வாழ்நாள் முழுக்க ஏழை நாடுகளுக்குக் கொடுக்கப் பழகுகிறார்கள் என்ற நம்பிக்கை. இந்தப் பயணங்களை ஆதரிப்பவர்கள் கடைசியில் வந்து சேரும் இடமும் இதுதான். இதையும் ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். ஹோண்டுராஸில் 1998-இல் மிட்ச் புயலுக்குப் பிறகு வீடு கட்டப்போன குழுக்களை, அங்கேயே வாழ்ந்து கிறித்தவக் கல்லூரி ஒன்றுக்காகப் பணியாற்றிய கர்ட் வெர் பீக் ஆராய்ந்தார். அவர் சபைக்கு எதிரி அல்ல, இந்தப் பயணங்களில் நன்மை இருக்கும் என்று எதிர்பார்த்தவர். வெளிநாட்டார் கட்டிய வீடுகளுக்கும் உள்ளூர் அமைப்பு கட்டிய வீடுகளுக்கும் குடியிருப்போர் வாழ்வில் பெரிய வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. போய்வந்தவர்களின் கொடைப் பழக்கத்திலும் நீடித்த மாற்றம் மிகக் குறைவு. பயணச் செலவைக் கொண்டு இன்னும் சில வீடுகள் கட்டியிருக்கலாமே என்பதுதான் அந்த ஊர்க்காரர்கள் பலரின் அபிப்பிராயம். பிரசங்கத்தை வீட்டைப் போல எண்ணிப் பார்க்க முடியாது என்று சொல்லலாம். அப்படியானால் பயணக் குழுக்கள் ஊர் திரும்பி இத்தனை ஊர், இத்தனை பிரசுரம், இத்தனை ஆத்துமா என்று எண்ணிச் சொல்வதையும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு நிதி திரட்டும் சபைகள், ஆறு பேர் வரட்டுமா, அல்லது இரண்டு பைக்கும் உதிரி பாகங்களும் அனுப்பட்டுமா என்று மாருவான்செட்ரா பக்கத்து உபதேசியாரையே கேட்கலாம். ஆனால் அதைத் தொலைபேசியில் நேரடியாகக் கேட்பதில் பயனில்லை. அவர் மரியாதை தெரிந்தவர், வாருங்கள் என்றுதான் சொல்வார். மடகாஸ்கரின் பெரிய சபைகளுக்கு வட்டாரம்தோறும் சினாடு என்ற நிர்வாகப் பேரவை இருக்கிறது, கணக்கு வழக்கு இருக்கிறது. கேள்வியை அங்கே எழுதி அனுப்பி, எந்தப் பதில் வந்தாலும் பணம் நிற்காது என்ற உறுதியையும் அதே கடிதத்தில் சேர்த்துவிட வேண்டும்.